2013 மாடல் 38 அடி டீசல் மோட்டர்ஹோம்: குறைந்த மைல் ஓடிய வண்டியை வாங்கலாமா?

சுகர்லேண்ட்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் ஹூஸ்டனுக்கு அருகில் சுகர் லேண்டில் வசிக்கிறோம். இந்த ஆண்டு இறுதியில் பணி ஓய்வு பெறுகிறேன். மகள் டென்வரிலும் மகன் சியாட்டிலிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். ஆண்டில் நான்கைந்து மாதங்களைச் சாலையில் கழித்து, இரு வீட்டுப் பேரப்பிள்ளைகளோடும் சில வாரங்கள் தங்கி, வழியில் தேசியப் பூங்காக்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். அதற்காக வீட்டு வசதிகள் கொண்ட பெரிய மோட்டர்ஹோம் வண்டி ஒன்றை வாங்க முடிவு செய்திருக்கிறோம். விடுமுறையில் வாடகைக்கு எடுத்த சிறிய கிளாஸ் சி (வேன் முகப்பு கொண்ட) வண்டியை ஓட்டிய பழக்கம் மட்டுமே எனக்கு உண்டு.

இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டுமே 2013 மாடல், கிளாஸ் ஏ (பேருந்து வடிவிலானவை), 38 அடி நீளம், பின்புறம் எஞ்சின் உள்ளவை. கம்மின்ஸ் ஐஎஸ்எல் 8.9 லிட்டர் எஞ்சின், ஆலிசன் 3000 கியர்பெட்டி, நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் மூன்று அறைப்பகுதிகள் (ஸ்லைடுகள்), ஓனன் டீசல் ஜெனரேட்டர் என எல்லாம் ஏறத்தாழ ஒன்றுபோலவே உள்ளன, விலையும் அப்படியே. சான் அன்டோனியோவில் உள்ள வண்டி 19,000 மைல் மட்டுமே ஓடியிருக்கிறது. உரிமையாளருக்கு உடல்நலமில்லாததால் சில ஆண்டுகளாக அது திறந்தவெளி நிறுத்துமிடத்திலேயே நிற்கிறது. டயர்களின் பள்ளம் புதியதைப் போல ஆழமாக இருக்கிறது; உள்ளே மரவேலைப்பாட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்டினில் உள்ள மற்றொரு வண்டி 70,000 மைல் ஓடியது. அதன் உரிமையாளர் ஒவ்வோர் ஆண்டும் செய்த பராமரிப்பின் ரசீதுகளைக் கோப்பில் தொகுத்து வைத்திருக்கிறார். ஆனால் சோபாவும் தரைவிரிப்பும் நைந்து போயிருக்கின்றன.

என் மனம் 19,000 மைல் வண்டியையே நாடுகிறது. இது சரிதானா? வாங்குவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும், வாங்கிய பின் எவற்றைத் தவறாமல் செய்ய வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். எங்களிடம் 2014ஆம் ஆண்டு ஹோண்டா சிஆர்-வி கார் ஒன்றும் இருக்கிறது. அதை வண்டியின் பின்னால் இழுத்துச் செல்ல முடியுமா என்பதையும் தெரிவியுங்கள்.


அரிசோனா நாடோடி எழுதியது:

ஐயா, ஆஸ்டின் வண்டியை முதலில் பாருங்கள். ஆண்டுதோறும் ரசீது சேர்த்து வைக்கும் உரிமையாளர் இந்தச் சந்தையில் எளிதில் அகப்படுவதில்லை. சோபாவையும் தரைவிரிப்பையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

காரை எடைபோட உதவும் மைல் கணக்கு மோட்டர்ஹோமுக்கு அவ்வளவாக உதவாது. நீங்கள் சொல்லும் கம்மின்ஸ் எஞ்சின் பேருந்துகளிலும் தீயணைப்பு வண்டிகளிலும் உழைப்பதற்காகச் செய்யப்பட்டது. முறையாக எண்ணெய் மாற்றப்பட்டிருந்தால் 70,000 மைல் என்பது அதற்கு இளமைக் காலம்தான். வண்டியில் உண்மையில் கெடுபவை டயர், குழாய்கள், பெல்ட், கூரையின் பசை, பேட்டரி, எரிபொருள் ஆகியவை. இவை ஓடிய தொலைவால் கெடுவதில்லை, கடந்த காலத்தால் கெடுகின்றன. நின்றுகொண்டே இருந்தால் இன்னும் விரைவாகக் கெடுகின்றன.

டயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் உயிர் அதை நம்பித்தான் இருக்கிறது. பள்ளத்தின் ஆழம் இங்கே எதையும் சொல்லாது. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3117 என்றிருந்தால் அந்த டயர் 2017ஆம் ஆண்டின் 31ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. இந்த முழு வரிசை டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கக்கூடும் என்பதால், பின்புற இரட்டைச் சக்கரங்களைச் சோதிக்க டார்ச் விளக்குடன் வண்டிக்கு அடியில் நுழைந்துதான் ஆக வேண்டும். ரப்பரில் வெடிப்பைத் தடுக்கும் மெழுகும் வேதிப்பொருள்களும் கலந்திருக்கின்றன. சக்கரம் சுழன்று ரப்பர் நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து அதைக் காக்கின்றன; நிற்கும் டயருக்கு அந்தக் காப்பு கிடைப்பதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்ட வேண்டும் என்றும், பத்தாண்டு நிறைந்தால் தோற்றம் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்றும் மிஷெலின் நிறுவனம் சொல்கிறது. எங்களில் பலர் ஏழு ஆண்டுகளிலேயே மாற்றிவிடுகிறோம். நெடுஞ்சாலை வேகத்தில் முன் டயர் வெடித்தால் இவ்வளவு கனமான வண்டியை நேராக நிறுத்துவது மிகவும் கடினம். பின் டயர் வெடித்தாலோ, பிய்ந்து பறக்கும் துண்டுகள் மேலே உள்ள தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் கிழித்துவிடும்.

அடுத்தது கூரை. ஏணி வைத்து மேலே ஏறாமல் எந்த மோட்டர்ஹோமுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏசி, காற்றுப்போக்கி, ஆன்டெனா, கழிவுக் குழாயின் மூடி என்று கூரையைத் துளைத்து வைக்கப்பட்ட ஒவ்வொன்றைச் சுற்றிலும் பசை பூசியிருப்பார்கள். வெயிலில் அது காய்ந்து, சுருங்கி, மயிரிழை அளவுக்கு விரிந்தாலே போதும், மழைநீர் உள்ளே இறங்கிவிடும். இறங்கிய நீர் உடனே ஒழுகுவதில்லை. ஒட்டுப்பலகையையும் காப்புப் பஞ்சையும் ஊறவைத்து, சுவரின் பைபர்கிளாஸ் தகடு உட்பலகையிலிருந்து பிரிந்து வெளிப்பக்கம் கொப்புளமாக எழும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் செலவு பல்லாயிரம் டாலருக்குப் போயிருக்கும். எனவே மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வண்டியின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்துச் சுவரை நீளவாக்கில் பாருங்கள். மேடு பள்ளம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். உள்ளே மேல் அலமாரிகளின் மூலைகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள், காற்றுப்போக்கியைச் சுற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். வாங்கிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரையைப் பார்வையிட்டு, வெடித்த இடங்களில் டைகோர் போன்ற தானே பரவிப் படியும் பசையை இட வேண்டும். வீட்டுக் குளியலறைக்கு வாங்கிய சிலிக்கோனைக் கூரையில் இடவே கூடாது. அதன் மேல் வேறெந்தப் பசையும் ஒட்டாததால், பிறகு அதைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலையாகிவிடும்.

ஜெனரேட்டரின் மணிக்கணக்குக் கருவியைப் பாருங்கள். மாதம் ஒருமுறை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பாதிச் சுமையோடு ஓட்டச் சொல்லி ஓனன் பரிந்துரைக்கிறது. பத்தாண்டைக் கடந்த வண்டியில் மிகக் குறைந்த மணிக்கணக்கு காட்டினால், அது ஓடாமல் நின்றிருக்கிறது என்றே பொருள். இரண்டு ஏசிகளையும் ஒன்றாகப் போட்டு அரைமணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, ரேடியேட்டர் பின்புறத்தில் இருக்கிறதா பக்கவாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்புறத்தில் இருந்தால், எஞ்சின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையும் சக்கரங்கள் எழுப்பும் தூசியும் சேர்ந்து, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத உட்பக்கத்தில் படலமாக அடைத்துக்கொள்ளும். தட்டையான சாலையில் ஒன்றும் தெரியாது. கொலராடோ மலை ஏறும்போது வெப்பமானி உயரும். எஞ்சின் எண்ணெய், கியர்பெட்டி எண்ணெய், குளிர்விப்பு நீர் மூன்றின் மாதிரிகளையும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், உலோகத் துகளோ குளிர்விப்பு நீரின் கலப்போ இருந்தால் அறிக்கையில் தெரிந்துவிடும், செலவும் அதிகமில்லை. மைல் குறைவாக ஓடினாலும் எண்ணெயையும் எரிபொருள் வடிகட்டியையும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே முறை. காற்றுப் பிரேக்குக்குப் போகும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியின் காட்ரிட்ஜை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

2010க்குப் பிந்தைய எஞ்சின் என்பதால் புகையின் நச்சைக் குறைக்கும் டிஇஎஃப் எனப்படும் யூரியாக் கரைசலும் உண்டு. அதில் 32.5 விழுக்காடு யூரியா, மீதி தூய நீர். வெப்பத்தில் அதன் ஆயுள் குறையும். பழைய கரைசல் படிகமாகி உணரியையும் குழாய்களையும் கெடுக்கும். அதன் உணரி கெட்டால் கணினி எஞ்சினின் விசையைப் படிப்படியாகக் குறைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியில் அந்தத் தொட்டியை முழுதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பாமல் புறப்படக் கூடாது.

கடைசியாக, மோட்டர்ஹோம் ஆய்வாளர் சங்கமான என்ஆர்விஐஏவின் சான்று பெற்ற ஆய்வாளர் ஒருவரை உங்கள் செலவில் அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் பரிந்துரைக்கும் ஆள் வேண்டாம்.


ரொறன்ரோ சாரதி எழுதியது:

வணக்கம் ஐயா. கனடாவில் பாரவூர்தி ஓட்டுவது என் தொழில். கோடையில் குடும்பத்தோடு மோட்டர்ஹோமில் பயணம் செய்வது எங்கள் வழக்கம். முன்னவர் எழுதியதில் ஒரு விடயத்தில் மட்டும் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. ரயர், பற்றறி, குழாய்கள் இவையெல்லாம் காசு கொடுத்தால் மாற்றக்கூடியவை. சான் அன்டோனியோ வண்டிக்குள் தண்ணீர் புகவில்லை என்று ஆய்வாளர் உறுதி செய்து, விற்பவரும் அந்தச் செலவை விலையில் கழித்தால், அதையும் ஒதுக்கிவிடத் தேவையில்லை. தண்ணீர் புகுந்திருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நான் எழுத வந்தது ஓட்டுவதைப் பற்றி. 38 அடி டீசல் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை பெரும்பாலும் 26,000 பவுண்டுக்கு மேல் இருக்கும். சாரதி இருக்கைக்கு அருகில் ஒட்டப்பட்ட தகட்டில் அந்த எண்ணைப் பாருங்கள். தாண்டியிருந்தால், ரெக்சாஸில் சொந்தப் பாவனைக்கான மோட்டர்ஹோமுக்கு வணிக அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்றாலும், வணிகம் சாராத பி வகுப்பு அனுமதிப்பத்திரம் எடுத்தாக வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வும் ஓட்டப் பரீட்சையும் உண்டு. இங்கே ஒன்ராறியோவில் காற்றுப் பிரேக்குக்கென்று இசட் என்ற தனி அனுமதியும் பெற வேண்டும். உங்கள் மாநிலம் கேட்காவிட்டாலும் அந்தப் பாடத்தைப் படித்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

காற்றுப் பிரேக்கை ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் சோதிக்க வேண்டும். காற்றழுத்தம் நிறைந்த பிறகு, வண்டி உருளாதபடி சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தித் தரிப்பு (நிறுத்தல்) பிரேக்கை விடுவித்தால், அழுத்தம் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் இறங்கக் கூடாது. பிரேக்கை மிதித்துப் பிடித்த நிலையில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. அழுத்தம் ஏறத்தாழ 60 பிஎஸ்ஐக்கு இறங்கும்போது எச்சரிக்கை ஒலி வர வேண்டும். இன்னும் இறங்கினால் வில்விசைப் பிரேக்குகள் தாமாகவே பிடித்துக்கொள்ளும். இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது எஞ்சின். மிதிப் பிரேக்கை அவ்வப்போது மட்டும் பயன்படுத்துங்கள். நீங்கள் டென்வருக்குப் போகும் வழியில் 7,800 அடி உயரத்தில் ராட்டோன் கணவாய் வரும். அங்கிருந்து சியற்றிலுக்கு ஐ-84 நெடுஞ்சாலை வழியாகப் போனால், ஓரிகனில் பெண்டில்டன் ஊருக்கு முன்னால் கேபேஜ் ஹில் என்ற 6 விழுக்காட்டு இறக்கம் கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து எஞ்சின் பிரேக்கைப் போட்டால், அலிசன் கியர்பெட்டி தானாகவே கீழ்க் கியருக்கு இறங்கி வண்டியைப் பிடிக்கும். அது போதாதபோது, உங்களுக்குப் பாதுகாப்பான வேகத்திலிருந்து மணிக்கு 5 மைல் குறையும்வரை பிரேக்கை உறுதியாக மிதித்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். வேகம் மீண்டும் ஏறியதும் அதையே செய்யுங்கள். இலேசாக மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடியை இழக்கும். மழையிலும் பனியிலும் எஞ்சின் பிரேக்கை அணைத்துவிடுங்கள், இல்லையேல் பின்சக்கரம் வழுக்கும்.

பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியையும் எப்போதும் நினைவில் வையுங்கள். நீங்கள் வலப்பக்கம் முழுதாகத் திருப்பும்போது வால் இடப்பக்கம் வீசும். எரிபொருள் நிலையத்தின் தூண்களில் மோதுபவர்களில் பலர் முன்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்பியவர்கள். வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் கோடு போட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் வால் எவ்வளவு வீசுகிறது என்று உங்கள் மனைவியை வெளியே நிறுத்தி அளந்து பாருங்கள்.

உங்கள் 2014 சிஆர்-வியை நான்கு சக்கரமும் நிலத்தில் உருள இழுக்கலாம். 2015 மாடலிலிருந்து அது முடியாது, ஆகவே அந்தக் காரை விற்றுவிடாதீர்கள். கையேட்டில் உள்ள வரிசைப்படி கியரை மாற்றி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகே இழுக்க வேண்டும். மணிக்கு 65 மைலைத் தாண்டக் கூடாது. காருக்குத் துணைப் பிரேக் கருவி கட்டாயம் பொருத்துங்கள். கார் பூட்டியிருக்கும்போது பின்னோக்கி எடுக்கவே கூடாது, இணைப்புக் கம்பி வளைந்துவிடும். தேசியப் பூங்காக்களுக்குப் போக விரும்பும் உங்களுக்குக் கார் அவசியம்தான். உதாரணமாக, கிளேசியர் பூங்காவின் மலைச்சாலையில் அவலாஞ்ச் முதல் ரைசிங் சன் வரையான பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான எந்த வாகனத்தையும் விடமாட்டார்கள்.

நிறுத்தும் இடத்தில் ஜாக்குகளால் வண்டியைச் சமப்படுத்தும்போது பின்சக்கரங்களை நிலத்திலிருந்து தூக்கிவிடாதீர்கள். தரிப்பு பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது; அவை தூக்கப்பட்டால் முழு வண்டியும் ஜாக்கிலிருந்து நழுவி ஓடிவிடக்கூடும்.


சுகர்லேண்ட்வாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான பதிலை எதிர்பார்க்கவில்லை. இரண்டு வண்டிகளுக்கும் ஆய்வாளரை ஏற்பாடு செய்துவிட்டேன். என் மனைவி ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்கிறார். நாங்கள் சாலையிலும் நம் சமையலையே செய்துகொள்ள விரும்புகிறோம். கிரைண்டர், குக்கர், தாளிப்பு எதையும் விடுவதாக இல்லை. இதை அந்தச் சமையலறையும் மின்சாரமும் தண்ணீர்த் தொட்டிகளும் தாங்குமா?


கோமதி ஜார்ஜியா எழுதியது:

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தாராளமாகச் செய்யலாம். மின்சாரக் கணக்கை மட்டும் முதலில் புரிந்துகொண்டால் மற்றவை பழகிவிடும்.

உங்கள் வண்டி 50 ஆம்ப் வண்டியாக, அதாவது தங்குமிடத்தின் மின்கம்பத்திலிருந்து 50 ஆம்ப் இணைப்பில் மின்சாரம் எடுப்பதாக இருக்கும். 50 ஆம்ப் என்பது இரண்டு 120 வோல்ட் இணைப்புகள், ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப். மொத்தம் 12,000 வாட். ஆனால் மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் 30 ஆம்ப் மட்டுமே கிடைக்கும். அது ஒரே இணைப்பு, 3,600 வாட். ஓர் ஏசிக்கு ஏறத்தாழ 1,500 வாட், இண்டக்‌ஷன் அடுப்புக்கு 1,800 வாட் என்று வைத்தால், இரண்டிலேயே 30 ஆம்ப் தீர்ந்துவிடும். சுடுநீர்க் கலனையும் மின்சாரத்தில் போட்டால் பிரேக்கர் விழும். ஆகவே அத்தகைய இடங்களில் சுடுநீரைப் புரோப்பேனுக்கு மாற்றிவிட்டுச் சமையுங்கள். கிரைண்டர் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர் 150 வாட் அளவில்தான் இழுக்கும். 110 வோல்ட்டுக்கான கிரைண்டராக மட்டும் இருக்க வேண்டும்.

மின்கம்பத்தில் நேரடியாகச் செருகாமல், வோல்ட்டைச் சோதித்துத் தேவைப்பட்டால் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியை இடையில் வையுங்கள். 50 ஆம்ப் இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 120 வோல்ட் சாதனங்களுக்கு 240 வோல்ட் வரை பாய்ந்து, மைக்ரோவேவ் முதல் தொலைக்காட்சி வரை கருகிவிடும். வீட்டில் வண்டிக்கென 30 ஆம்ப் பிளக் வைப்பதாக இருந்தால், அது 120 வோல்ட் என்று எலக்ட்ரீசியனிடம் எழுதியே கொடுங்கள். துணி உலர்த்திக்கான பிளக் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவது இந்த நாட்டில் அடிக்கடி நடக்கும் விபரீதம்.

தாளிப்பைவிட ஆவியைத்தான் கவனிக்க வேண்டும். இட்லிப் பாத்திரமும் குக்கரும் விடும் ஈரம் சிறிய இடத்தில் போக வழியில்லாமல் சன்னல் கண்ணாடியிலும் அலமாரியின் பின்சுவரிலும் நீராகப் படியும். குளிர்நாளில் இது பூஞ்சையாகும். சமைக்கும்போது கூரைக் காற்றாடியை வெளியேற்றும் திசையில் ஓடவிட்டு, எதிர்ப்பக்கச் சன்னலை ஓர் அங்குலம் திறந்து வையுங்கள். அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியின் வெளிமூடி பயணத்துக்காகத் தாழிடப்பட்டிருக்கலாம். அதைத் திறக்காமல் விசிறியைப் போட்டால் பயனில்லை. புரோப்பேன் கசிவுக் கருவியிலும் கார்பன் மோனாக்சைடு கருவியிலும் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். 2013 வண்டியில் முதலில் வந்தவை இன்னும் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

குளிர்பதனப் பெட்டி வீட்டில் உள்ளதைப் போலக் கம்ப்ரசர் உள்ளதா, அல்லது புரோப்பேனிலும் ஓடும் உறிஞ்சுவகையா என்று பாருங்கள். உறிஞ்சுவகை என்றால் வண்டி சமமாக நிற்கும்போது மட்டுமே அதை இயக்க வேண்டும். சாய்ந்த நிலையில் நெடுநேரம் ஓடினால் உள்ளிருக்கும் அம்மோனியாக் கரைசல் ஓட்டம் தடைப்பட்டுக் குளிர்விக்கும் பகுதியே வீணாகிவிடும். அது மெதுவாகத்தான் குளிரும் என்பதால் புறப்படுவதற்கு முதல் நாளே போட்டு வையுங்கள். சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைக்காதீர்கள்.

பாத்திரம் கழுவும் நீர் சாம்பல்நிறத் தொட்டிக்குப் போகிறது. எண்ணெயும் புளிக்குழம்பின் சக்கையும் அதில் படிந்தால் தொட்டி காலியாக இருக்கும்போதும் அளவுகாட்டி நிறைந்ததாகவே காட்டும். கழுவும் முன் தாளால் துடைத்துவிடுவதும், வடிதட்டில் சிக்கும் கறிவேப்பிலையையும் கடுகையும் குப்பையில் போடுவதும் போதும். கழிப்பறையின் கருந்தொட்டிக்கு நேர்மாறான விதி: அங்கே தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. முகாமில் குழாய் இணைத்திருந்தாலும் அதன் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். திறந்து வைத்தால் நீர் வடிந்து, திடக்கழிவு மட்டும் குவிந்து இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கருந்தொட்டியை முதலிலும், குழாயைக் கழுவிச் செல்லும்படி சாம்பல் தொட்டியை அடுத்தும் திறந்துவிடுங்கள். நாம் தண்ணீர் பயன்படுத்தும் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் கருந்தொட்டி மற்றவர்களைவிட விரைவாக நிறையும், ஆனால் சுத்தமாகவும் இருக்கும்.

நல்ல நீர்த் தொட்டியை வாங்கியவுடன் 15 கேலனுக்குக் கால் கப் என்ற அளவில் வாசனையற்ற பிளீச் கலந்து, எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டுச் சில மணி நேரம் வைத்து, நன்றாக அலசுங்கள். டென்வரில் குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால், தண்ணீரை முழுதும் வடித்து, சுடுநீர்க் கலனைத் தவிர்க்கும் வால்வைத் திருப்பி, இளஞ்சிவப்பு நிறப் புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தைக் குழாய்களில் நிரப்ப வேண்டும். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குடிநீர்க் குழாயில் அதை ஒருபோதும் ஊற்றக் கூடாது.


சுகர்லேண்ட்வாசி எழுதியது:

ஆய்வு முடிந்தது. சான் அன்டோனியோ வண்டியில் ஆறு டயர்களும் 0613, அதாவது வண்டியோடு வந்தவை. முன் ஏசியைச் சுற்றிப் பசை வெடித்திருக்கிறது. படுக்கையறைப் பக்கம் வெளிச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் இருக்கிறது. ஆஸ்டின் வண்டியின் டயர்கள் 2022ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, கூரை உறுதியாக உள்ளது, எண்ணெய் ஆய்வு அறிக்கையிலும் குறையில்லை. ஒரு ஸ்லைடின் ரப்பர் விளிம்பு மட்டும் கிழிந்திருக்கிறது, குளிர்விப்பு நீரை மாற்ற வேண்டிய காலமும் வந்துவிட்டது. ஆஸ்டின் வண்டியையே வாங்குகிறோம். எடுத்து வந்ததும் முதலில் எதைச் செய்வது?


அரிசோனா நாடோடி எழுதியது:

மிக்க மகிழ்ச்சி ஐயா. பி வகுப்பு உரிமம் கைக்கு வரும்வரை விற்பவரையோ, அந்த உரிமம் உள்ள வேறொருவரையோ ஓட்டச் சொல்லுங்கள். டென்வருக்கு உடனே கிளம்பிவிடாதீர்கள். விற்பவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கக்கூடிய தொலைவில், ஆஸ்டினுக்கு அருகிலேயே ஒரு முகாமில் சில இரவுகள் தங்கி, ஸ்லைடு, ஜாக், சுடுநீர், ஜெனரேட்டர், இரண்டு ஏசி, எல்லாத் தொட்டிகளின் வால்வு என்று ஒவ்வொன்றையும் பயன்படுத்திப் பாருங்கள். கிழிந்த ஸ்லைடு விளிம்பை முதல் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள், தண்ணீர் அங்கிருந்தும் தரைப்பலகைக்குள் இறங்கும். குளிர்விப்பு நீரை மாற்றும்போதே குழாய்களையும் பெல்ட்டையும் மாற்றச் சொன்னால் கூலி மிச்சமாகும்.

பிறகு வீட்டுச் சாமான்களை எல்லாம் ஏற்றி, நல்ல நீர்த் தொட்டியையும் டீசல் தொட்டியையும் நிரப்பி, காரையும் பூட்டிக்கொண்டு லாரி நிறுத்தத்தில் உள்ள கேட் (CAT) நிறுவனத்தின் எடைமேடைக்குச் செல்லுங்கள். 100 கேலன் தண்ணீர் மட்டுமே 830 பவுண்டு என்பதால் வெறும் வண்டியை எடைபோடுவதில் பயனில்லை. எடைமேடை ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே தரும். எஸ்கேப்பீஸ் என்ற மோட்டர்ஹோம் பயணிகள் சங்கத்தார் எடைபோடும் இடங்களில் ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் அறியலாம், அது இன்னும் நல்லது. ஓர் அச்சில் எந்தப் பக்கம் கூடுதலாக இருக்கிறதோ அந்த எடையை டயர் நிறுவனத்தின் அழுத்த அட்டவணையில் பார்த்து, அதற்குரிய அழுத்தத்தை அந்த அச்சின் எல்லா டயர்களுக்கும் ஒரே அளவாக, வண்டி இரவு முழுதும் நின்று டயர்கள் குளிர்ந்திருக்கும் காலையில் நிரப்புங்கள்.